வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் வகுப்பறைக் கருவிகளும்

வாசிப்பில் பின்தங்கிய சிறுவருக்கு ஒலிப்பதிவு, கைத்தொலைபேசி, கணினி, திரை போன்ற கருவிகளை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே இப்பாடத்தின் பொருள். கந்தளாய்ப் பகுதியில் தரம் 1 முதல் தரம் 5 வரை கற்பிக்கும் ஆசிரியர்களையும், மாலை வகுப்பு நடத்தும் இளைஞர் யுவதிகளையும், முன்பள்ளி ஆசிரியைகளையும், பெற்றோரையும் மனத்திற் கொண்டு இதனை எழுதுகிறோம். தனியே வாசிப்பதிலும் பார்க்க ஐந்தாறு பேர் கூடியிருந்து வாசித்து, இறுதியிலுள்ள வினாக்களைக் கலந்துரையாடினால் பயன் அதிகம்.

1. பிரச்சினை எங்கே இருக்கிறது?

திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், குளத்தை நம்பி வளர்ந்த ஊர் கந்தளாய். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என மூவினத்தவரும் வாழும் இடம். இங்கே தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை சந்தையிலும் பேருந்திலும் இரு மொழிகளைக் கேட்கிறது. பாடசாலையில் ஒரு மொழியை எழுத வாசிக்கக் கற்கிறது. பெரும்போக வெட்டுக் காலத்திலும் விதைப்புக் காலத்திலும் வயல் வேலை வீட்டையே இழுத்துச் செல்லும். அந்நாட்களில் சிறிய தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை மறிக்கப்படுவதும் உண்டு. தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்ற வீடுகளில் அம்மம்மாவே பிள்ளையின் பாடங்களுக்கும் பொறுப்பாக இருக்கிறார். இவை புதிய சங்கதிகள் அல்ல.

இவற்றின் மேல் வந்து விழுந்தது கொரோனாக் காலம். 2020 மார்ச் நடுப்பகுதியில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறக்கப்பட்டாலும், 200இற்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட ஆரம்பப் பாடசாலைகள் மீண்டும் தொடங்க 2021 ஒக்ரோபர் 21 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருள் இல்லாமற் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. எழுத்தை அறிமுகம் செய்யும் தரம் 1, தரம் 2 வகுப்புகளைப் பல பிள்ளைகள் வீட்டிலேயே கழித்தனர்.

விளைவு என்ன? 2021 டிசம்பரில் தரம் 3 மாணவர்களிடையே நாடளாவிய மதிப்பீடு ஒன்று நடத்தப்பட்டது. எழுத்தறிவில் ஆகக்குறைந்த தேர்ச்சியையேனும் பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. மீதிப் பேரும் வகுப்பேற்றம் பெற்றுத் தரம் 4, தரம் 5 என்று மேலே சென்றுவிட்டார்கள். எமது பாடசாலைகளில் எவரும் ஒரே வகுப்பில் மறிக்கப்படுவதில்லை. ஆகவே வாசிக்க முடியாத பிள்ளையும் வகுப்பேறும், புத்தகம் தடிக்கும், பாடம் கடினமாகும். தரம் 3 வரையில் பிள்ளை வாசிக்கப் பழகுகிறது. அதன் பின்னர் வாசித்தே பழகவேண்டியிருக்கிறது. கணிதத்தில் வசனக் கணக்கு, சுற்றாடற் பாடம், சமயம், எல்லாவற்றுக்கும் வாசிப்பே வாசல். அந்த வாசலில் நின்றுவிட்ட பிள்ளை பின்வாங்கில் அமைதியாக இருக்கும், கரும்பலகையைப் பார்த்து அழகாகப் பிரதி பண்ணும், கொப்பி நிறைந்திருக்கும். எழுதியதை வாசி என்று சொன்னால் மட்டும் தலை குனியும்.

இப்படிப்பட்ட பிள்ளையை மந்தபுத்தி என்று ஒதுக்குவது அநீதி. அதற்குக் கிடைக்காதது எது என்று பார்ப்பதே எமது வேலை.

2. தமிழ் எழுத்தில் எங்கே கால் தடுக்குகிறது?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள் என்று சொல்கிறோம். உண்மையில் பிள்ளை 247 வடிவங்களை மனனம் செய்யத் தேவையில்லை. உயிர்க்குறிகள் சேரும் முறை விளங்கினாற் போதும். அந்த முறையிற்றான் சில பொறிகள் உள்ளன.

முதலாவது, சில குறிகள் எழுத்துக்கு முன்னே வருகின்றன. ‘கெ’ என்பதிற் கொம்பு முன்னே நிற்கிறது. ஓசையோ பின்னே வருகிறது. ‘கொ’ என்பதில் முன்னே கொம்பும் பின்னே அரவும் நிற்கின்றன. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் பிள்ளை ‘கொடி’ என்பதைக் ‘கெ’ என்று தொடங்கி, அரவைக் கண்டதும் திகைத்து நின்றுவிடும். ‘கௌ’ என்பதன் பின்பாதி ‘ள’ போலவே இருப்பதால் அங்கும் குழப்பம்.

இரண்டாவது, ஓர் எழுத்துக்குப் பல ஓசைகள். ‘கல்’, ‘பங்கு’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் உள்ள ககரத்தை உச்சரித்துப் பாருங்கள். ‘பால்’, ‘அம்பு’ ஆகிய இரண்டிலும் உள்ள பகரத்தையும் ஒப்பிடுங்கள். சுவரில் தொங்கும் எழுத்து அட்டை ஓர் ஓசையை மட்டுமே சொல்லித்தருகிறது. மற்றவற்றை, சொல்லைக் காதால் கேட்டே அறிய வேண்டும்.

மூன்றாவது, ஒலியில் நெருங்கிய எழுத்துகள்: ல, ழ, ள, ர, ற, ந, ன, ண. பேச்சில் நாம் பலரும் இவற்றை வேறுபடுத்துவதில்லை. பிள்ளை எழுத்திலே மட்டும் எப்படி வேறுபடுத்தும்?

நான்காவது பெரும்பாலும் எவரும் கவனிக்காதது. வீட்டில் பிள்ளை ‘அம்மா வாறா’ என்று சொல்கிறது. புத்தகத்தில் ‘அம்மா வருகிறார்’ என்று இருக்கிறது. வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும் ஒன்றல்ல. கதை கேட்டு, பத்திரிகை வாசிக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் ஏற்கெனவே காதிற் பழகியிருக்கும். வேலைக் களைப்பில் பெற்றோர் உறங்கிவிடும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தமிழ், பாடசாலை வாசலிலேதான் முதன்முதல் அறிமுகமாகிறது. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கினாலும், அப்படி ஒரு சொல்லைக் கேட்ட ஞாபகமே இல்லாதபோது சரியா பிழையா என்று அதற்குத் தெரிவதில்லை.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பின்தங்கிய பிள்ளைக்கு வேண்டியது, எழுத்தைக் கண் பார்க்கும் அதே வேளையில் அதன் ஓசையைக் காது கேட்பது. அதுவும் ஒரு தடவை அல்ல, பல தடவை. 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியை ஒரே பக்கத்தை ஒரு பிள்ளைக்காகப் பத்துத் தடவை வாசித்துக் காட்ட முடியாது. கருவி உதவக்கூடிய இடம் இதுவே.

3. கருவிகள் பற்றி உலக அனுபவம் கூறுவது

கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டாற் பிள்ளை படித்துவிடும் என்ற நம்பிக்கை பல நாடுகளிற் சோதித்துப் பார்க்கப்பட்டதே. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் பெருமளவில் வழங்கப்பட்டன. 319 கிராமியப் பாடசாலைகளை ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணினிகள் வந்து சேர்ந்திருந்தன. பிள்ளைகள் பயன்படுத்தவும் செய்தனர். ஆயினும் மொழிப் பாடத்திலும் கணிதத்திலும் முன்னேற்றம் காணப்படவில்லை.

கென்யாவின் கிசுமு பகுதியில் இன்னொரு ஒப்பீடு நடந்தது. அதன் முடிவுகள் 2016இல் வெளியாயின. நல்ல வாசிப்பு நூல்களும் ஆசிரியர் பயிற்சியும் எல்லாக் குழுக்களுக்கும் அடிப்படையாக வழங்கப்பட்டன. அதற்கு மேலாக ஒரு குழுவில், எமது சேவைக்கால ஆலோசகர்களைப் போன்ற ஆலோசகர்களுக்குத் தட்டைக் கணினி கிடைத்தது, இன்னொன்றில் ஆசிரியர்களுக்கு, மற்றொன்றில் மாணவர்களுக்கு மின்வாசிப்புக் கருவி. எல்லாக் குழுக்களும் முன்னேறின. ஆனால் நூலும் பயிற்சியும் தந்த முன்னேற்றத்தைக் கருவிகள் குறிப்பிடத்தக்க அளவு கூட்டவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கருவி கொடுப்பதே அதிகச் செலவானது. ஆலோசகருக்குக் கொடுப்பது செலவு குறைந்தது.

மறுபுறம், டில்லியில் நடந்த ஓர் ஆய்வு நல்ல பயனைக் காட்டியது. பாடசாலை விட்ட பின் மாணவர் ஒரு நிலையத்துக்கு வந்தனர். 45 நிமிடம் கணினிப் பயிற்சி. அது வகுப்புக்கு ஏற்ற பாடத்தைத் தராமல், அந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து தொடங்கியது. மற்ற 45 நிமிடம் சிறு குழுவாக ஒருவரிடம் பாடம். நாலரை மாதத்தில் இந்தி மொழியிலும் கணிதத்திலும் தெளிவான முன்னேற்றம் ஏற்பட்டது. 2019இல் வெளியான இவ்வாய்விலிருந்து இரண்டு விடயங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குதல். மற்றது, கருவிக்கு அருகில் ஒரு மனிதர் இருத்தல்.

எமது நாட்டில் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பாடங்கள் வழங்கப்பட்டன. வட்ஸ்அப் மூலம் பயிற்சித் தாள்கள் வந்தன. ஆசிரியர்கள் தம் கைக்காசைச் செலவிட்டும் உழைத்தனர். ஆனால் பயிற்சித் தாளை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கே பயிற்சித் தாள் உதவியது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அனுப்பப்பட்டதும் எழுத்துத்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பாடமாகச் சொல்கிறோம். கருவியை அதன் போக்கில் விட்டால், அது முன்வாங்கிற் பிள்ளையிடமே போய்ச் சேரும்.

4. முதல் வேலை: பிள்ளை நிற்கும் படியை அறிதல்

கைத்தொலைபேசியை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுப்போம். இந்தியாவில் பிரதம் என்னும் அமைப்பு 2005 முதல் கிராமம் கிராமமாகப் பயன்படுத்திவரும் சோதனைத் தாள் மிக எளியது. அந்த முறையிலேயே நாமும் ஒரு தாளில் நான்கு கட்டங்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதற் கட்டத்தில் 10 எழுத்துகள். இரண்டாவதில் 10 எளிய சொற்கள்: ‘படம்’, ‘மாடு’, ‘கொடி’ போன்றவை. மூன்றாவதில் நான்கு சிறு வசனங்கள். நான்காவதில் எட்டுப் பத்து வரிக் கதை. பிள்ளையைத் தனியே, மற்றப் பிள்ளைகள் கேளாத இடத்தில் வைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுத்தோ சொல்லோ தானே தெரிந்த 5ஐ வாசிக்கட்டும். அவற்றில் 4 சரியானால் அந்தப் படி கைவந்தது என்று கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

இதனைப் பரீட்சை போல் நடத்தக் கூடாது. புள்ளியும் போடக் கூடாது. எழுத்துப் படி, சொற் படி, வசனப் படி, கதைப் படி என்று பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டாற் போதும். தரம் 5 பிள்ளை எழுத்துப் படியில் நிற்கலாம். தரம் 2 பிள்ளை கதைப் படியில் நிற்கலாம். மாலை வகுப்பில் இப்படியின்படி குழு பிரிப்பதே நன்று.

இன்னொன்றும் உண்டு. கண்ணும் காதும் சரியா என்று பாருங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளையும், காதிற் சீழ் வடிந்து செவி மந்தமான பிள்ளையும் வாசிப்பில் தடுமாறவே செய்யும். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு அப்பிள்ளை வராதிருந்தால், பெற்றோருடன் கதைத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவது எந்தக் கருவியிலும் முக்கியம்.

5. செய்துபார்க்கக்கூடிய நான்கு முறைகள்

(அ) கேட்டுக்கொண்டே வாசித்தல்

1976இல் அமெரிக்காவில் கரோல் சொம்ஸ்கி என்னும் கல்வியாளர் ஓர் அனுபவத்தை எழுதினார். எழுத்துகளைத் தெரிந்தும் சரளமாக வாசிக்க முடியாத, மூன்றாம் வகுப்பில் படித்த எட்டு வயதுப் பிள்ளைகள் ஐவருக்கு, கதைப் புத்தகங்களும் அவற்றை வாசித்துப் பதிந்த ஒலிநாடாக்களும் கொடுக்கப்பட்டன. பிள்ளைகள் நாடாவைக் கேட்டபடி புத்தகத்தைக் கண்ணாற் பின்தொடர்ந்தனர். தம்மாலேயே சரளமாக வாசிக்க வரும்வரை அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். முதற் புத்தகத்துக்கு நீண்ட காலம் எடுத்தது. பின்வந்தவற்றுக்கு நாட்கள் குறைந்துகொண்டே போயின. வாசிப்பில் வெறுப்புற்றிருந்த பிள்ளைகள் தாமாகவே புத்தகம் எடுக்கத் தொடங்கினர்.

அன்று கசற் செய்த வேலையை இன்று எந்தக் கைத்தொலைபேசியும் செய்யும். ஒலிப்பதிவு வசதியும் மெமரி காட்டும் உள்ள பட்டன் போன் போதும். இணையம் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். செய்யும் விதம் இதுதான்:

பாடநூலில் அல்லது கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தெரிவு செய்க. பிள்ளையின் படிக்குச் சற்று மேலே இருக்கலாம்; வெகுதூரம் மேலே இருக்கக் கூடாது. கோழி கூவாத, மோட்டார் சைக்கிள் ஓடாத வேளையில் ஓர் அறையில் இருந்து பதிவு செய்க. முதலிற் பக்க இலக்கத்தைச் சொல்க. பின்னர் பிள்ளையின் விரல் ஒவ்வொரு சொல்லாக நகரக்கூடிய வேகத்தில் ஒருமுறை வாசிக்க. சொல்லை எழுத்தெழுத்தாக உடைக்க வேண்டாம்; சொல்லை முழுதாகச் சொல்லி, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டாற் போதும். அடுத்து அதே பக்கத்தைக் கதை சொல்லும் இயல்பான வேகத்தில் மறுமுறை வாசிக்க. பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டுக. ஒரு பதிவு இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேற் போக வேண்டாம்.

பிள்ளை புத்தகத்தை விரித்து, விரலை வைத்து, கேட்டுக்கொண்டே தானும் மெல்லச் சொல்லட்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. நான்கு அல்லது ஐந்து நாள் ஒரே பக்கம். ஐந்தாம் நாள் போனை நிறுத்திவிட்டுப் பிள்ளை தனியே ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் பிள்ளை பக்கத்தை மனனம் செய்து ஒப்புவிக்கும், வாசிப்பு வராது. மனனமா வாசிப்பா என்று அறிய, அதே பக்கத்திலிருந்து நான்கைந்து சொற்களைத் தனி மட்டைகளில் எழுதி, ஒழுங்கை மாற்றிக் காட்டுங்கள்.

பதிவு செய்பவர் ஆசிரியைதான் என்றில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் படிக்கும் அக்கா, வாசிக்கத் தெரிந்த அம்மம்மா, வெளிநாட்டில் வேலை செய்யும் தாய், எவரும் வாசித்து அனுப்பலாம். தாயின் குரலில் வரும் பக்கத்தைப் பிள்ளை எத்தனை தடவை வேண்டுமென்றாலும் கேட்கும்.

வயல் வேலைக் காலத்திற் பாடசாலைக்கு வராத பிள்ளைக்கும் இம்முறை கைகொடுக்கும். தவறிய பக்கங்களின் பதிவை அயல்வீட்டுப் போனுக்குப் புளூடூத் மூலம் மாற்றிக் கொடுத்தால் பாடம் பிள்ளையைத் தேடிச் செல்லும்.

(ஆ) பிள்ளையின் பேச்சை நூலாக்குதல்

நியூசிலாந்தில் மாவோரி இனப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், 1963இல் வெளியான தமது நூலில் ஒரு வழியைக் காட்டினார். வெளியூர்ப் பாடநூலிலுள்ள சொற்களை விட்டுவிட்டு, பிள்ளை தன் வாயாற் கேட்ட சொற்களையே மட்டையில் எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்தார். தன் வாழ்விலிருந்து வந்த சொல்லைப் பிள்ளை மறப்பதில்லை.

நாம் இதை ஒலிப்பதிவோடு செய்யலாம். பிள்ளையிடம் ஒரு சங்கதி சொல்லச் சொல்லுங்கள்: யானை வந்து வேலியை முறித்த இரவு, குளத்தில் மீன் பிடித்தது, மாடு தொலைந்து தேடியது. போனிற் பதிவு செய்யுங்கள். இடையே திருத்த வேண்டாம். பின்னர் கேட்டுக் கேட்டு, ஐந்தாறு வசனமாகப் பெரிய எழுத்தில் டிமை தாளில் எழுதுங்கள். பிள்ளை ‘யானை வந்திட்டுது’ என்று சொன்னால் முதல் நாள் அப்படியே எழுதுங்கள். தான் சொன்னதே எழுத்தாகி நிற்பதைப் பிள்ளை காண வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் அதன் கீழே வேறு நிறத்தில் ‘யானை வந்துவிட்டது’ என்று எழுதி, நாம் கதைப்பது இப்படி, புத்தகம் கதைப்பது இப்படி என்று இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள். வீட்டுத் தமிழைப் பிழை என்று சொல்லாமலே புத்தகத் தமிழுக்குப் பாலம் போட்டாயிற்று.

மாதம் நான்கு தாள் சேர்ந்தால் அவற்றைத் தைத்து ஒரு புத்தகமாக்கலாம். வகுப்பின் வாசிகசாலை அங்கிருந்து தொடங்கட்டும்.

(இ) பாட்டும் எழுத்தும்

இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996இல் ஒரு சிறிய யோசனையை முன்வைத்தார். தொலைக்காட்சியிற் பாடல் ஒலிக்கும்போது அதே மொழியில், அதே வரியைத் திரையின் அடியில் எழுத்தாகக் காட்ட வேண்டும். பாடப்படும் சொல் நிறம் மாற வேண்டும். 1999இல் குஜராத்தி மொழிப் பாடல்களிலும், 2002 முதல் தேசியத் தொலைக்காட்சியின் இந்திப் பாடல் நிகழ்ச்சியிலும் இது நடைமுறைக்கு வந்தது. பாட்டில் மயங்கும் கண் தன்னை அறியாமலே எழுத்தைப் பின்தொடர்கிறது என்பதே இதன் அடிப்படை.

இதற்குத் தொலைக்காட்சி கூடத் தேவையில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே வாய்ப்பாடமாக அறிந்த ஒரு சிறுவர் பாடலை டிமை தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போனைச் சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்துப் பாட்டை ஒலிக்கவிட்டு, ஒரு பிள்ளை தடியாற் சொல்லுக்குச் சொல் தொட்டுக் காட்டட்டும். தடி பிடிக்கும் பிள்ளை பின்தங்கிய பிள்ளையாக இருக்கட்டும். இடையிற் பாட்டை நிறுத்தி, “இப்போது எந்தச் சொல்லில் நிற்கிறோம்?” என்று கேளுங்கள். ஓசைக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு விளையாட்டாகவே பதியும்.

(ஈ) திரையும் இணையமும் உள்ள இடத்தில்

சில பாடசாலைகளில் எறிகருவியோ திறன்பலகையோ கணினியோ இருக்கின்றன. அங்கே ஒரு கதைப் பக்கத்தைப் பெரிதாகத் திரையிற் காட்டி எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம். புத்தகம் போதாத குறையை இது தீர்க்கும்.

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் படி பிரித்து இலவசமாக வைக்கப்பட்டுள்ளன. இறக்கி அச்சிடவும் அனுமதி உண்டு. அங்குள்ளவை பெரும்பாலும் இந்தியத் தமிழில் எழுதப்பட்டவை. ‘ஜன்னல்’ என்று அங்கே இருக்கும், எமது பிள்ளை ‘யன்னல்’ என்று எழுதப் பழகியிருக்கும். முன்கூட்டியே வாசித்து இத்தகைய சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். ரூம் டு ரீட் அமைப்பு 2005இல் இலங்கையிற் பணி தொடங்கிய பின் வெளியிட்ட தமிழ், சிங்களச் சிறுவர் நூல்கள் உங்கள் பாடசாலை நூலகத்தில் இருக்கக்கூடும். அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

பிள்ளை உரத்து வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலிகளும் வந்துள்ளன. கூகிள் நிறுவனம் 2020இல் ரீட் அலோங் என்னும் செயலியைப் பல நாடுகளுக்கு விரிவாக்கியபோது தமிழும் அதில் இடம்பெற்றது. இவ்வாறானவற்றைப் பயன்படுத்தும்போது, பிள்ளையின் ஊர்ப் பேச்சைக் கருவி சரியாகக் கேட்கிறதா என்று பெரியவர் ஒருவர் முதலிற் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சரியாக வாசித்த பிள்ளையைக் கருவி பிழை என்று சொன்னால், அந்தப் பிள்ளை தன்னைத்தான் நோகும்.

6. கவனத்திற் கொள்ள வேண்டியவை

போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். ஐந்து நிமிடத்திற் கதை போய்க் காட்டூன் வந்துவிடும். வகுப்புக்கென ஒதுக்கும் போனிற் சிம் அட்டையைக் கழற்றிவிடுவது எளிய வழி.

எழுத்தைத் தொட்டால் மணி அடித்து நட்சத்திரம் காட்டும் விளையாட்டுகள் பல உண்டு. பிள்ளை படத்தைப் பார்த்து ஊகித்தே எல்லா நட்சத்திரத்தையும் பெற்றுவிடலாம். படத்தை மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் காட்டிச் சோதியுங்கள்.

தடுமாறி வாசிக்கும் பிள்ளையின் குரலையோ படத்தையோ வட்ஸ்அப் குழுவிற் போட வேண்டாம். ஊக்கப்படுத்தத்தான் போட்டோம் என்று நாம் சொல்லலாம். அந்தப் பிள்ளை நாளை கடைக்குப் போகும்போது என்ன கேட்க நேரிடும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து, நான்கு வாரம் கழித்து மறுபடியும் பதிவு செய்து, இரண்டையும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் கேட்கக் கொடுப்பது நல்லது. தான் முன்னேறியதைத் தன் காதாலேயே கேட்பதைப் போல ஊக்கம் வேறில்லை.

மின்சாரத்தையும் இணையத்தையும் மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். 2022இன் மின்வெட்டு நாட்களை மறக்க முடியாது. போனில் உள்ளது எதுவோ, அது தாளிலும் மட்டையிலும் இருக்க வேண்டும்.

7. யார் கேட்பது?

கருவியால் ஆகக்கூடியது பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது. அதற்குக் களைப்பு இல்லை, சலிப்பு இல்லை, “எத்தனை தரம் சொன்னேன்” என்ற கோபமும் இல்லை. அதை அதனிடம் ஒப்படைக்கலாம். ஆனால் பிள்ளை வாசிப்பதைக் கேட்பதற்கு மனிதர் வேண்டும். எந்த எழுத்திற் குரல் தாழ்கிறது, எந்தச் சொல்லைக் கண்டு கண் ஒதுங்குகிறது, எப்போது விளங்கியது போல் நடிக்கிறது என்பதை அருகில் இருப்பவரே அறிவார். ஒலிப்பதிவு மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை ஆசிரியை வேறு வேலைக்குச் செலவிடாமல், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து கேட்கப் பயன்படுத்தினால்தான் இம்முறை பலிக்கும்.

இதற்குப் பெரிய ஆளணி தேவையில்லை. ஒரு மாலை வகுப்பில் 15 பிள்ளைகள் என்றால், ஒருவர் ஐந்து பிள்ளைகளோடு பதிவைக் கேட்கலாம். ஒருவர் ஐந்து பிள்ளைகளுக்குச் சொல் மட்டை விளையாட்டு நடத்தலாம். ஒருவர் மீதி ஐவரையும் ஒவ்வொருவராக அழைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை குழுக்கள் இடம் மாறும். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் கேட்டது, விளையாடியது, கேட்கப்பட்டது. மூன்று பேர், ஒரு போன், சில மட்டைகள். சனசமூக நிலைய விறாந்தை போதும்.

எழுத வாசிக்கத் தெரியாத அம்மாவும் இதிற் பங்கெடுக்கலாம். “நீ வாசி மகன், நான் கேட்கிறன்” என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லலாம். கதை என்ன, பிறகு என்ன நடந்தது என்று விசாரிக்கலாம். பிழை பிடிக்க அவருக்குத் தெரியாது; ஆனால் பிள்ளை நிறுத்தி நிறுத்தி இழுக்கிறதா, கதை சொல்வது போல் ஓடுகிறதா என்பதை அவர் காது சொல்லிவிடும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது கிராமத்தில் தரம் 3இற்கு மேற் படித்தும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் எத்தனை பேர்? பெயரைப் பகிரங்கமாகச் சொல்லாமல் இதை எப்படிக் கண்டறியலாம்?

2. வீட்டில் எமது பிள்ளைகள் புத்தகத் தமிழை எப்போது கேட்கிறார்கள்? கேட்க வைக்க என்ன வழி?

3. எமது பாடசாலையில் அல்லது நிலையத்தில் பயன்படுத்தாமற் பூட்டிவைக்கப்பட்ட கருவிகள், நூல்கள் எவை? திறப்பு யாரிடம் உள்ளது?

4. வயல் வேலைக் காலத்தில் மறிக்கப்படும் பிள்ளைக்குப் பாடத்தைக் கொண்டு செல்லும் பொறுப்பை யார் ஏற்கலாம்?

5. கிழமைக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கக்கூடியவர்கள் எம்மில் யார் யார்?

செயற்பாடு

அடுத்த நான்கு வாரங்களுக்கு ஒரே ஒரு பிள்ளையைத் தெரிவு செய்க. முதல் நாள் நான்கு கட்டத் தாளால் படியை அறிந்து, பிள்ளை வாசிப்பதை ஒரு நிமிடம் பதிவு செய்க. வாரம் ஒரு பக்கமாக நான்கு பக்கங்களை மேலே (அ) பகுதியிற் சொன்னபடி பதிந்து கொடுக்க. நான்காம் வாரம் முடிவில், பிள்ளை முன்னர் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து மறுபடியும் ஒரு நிமிடம் பதிவு செய்து, இரண்டு பதிவுகளையும் குழுவாகவன்றிப் பிள்ளையோடும் வீட்டாரோடும் இருந்து கேட்க. கேட்டறிந்ததைக் கொப்பியில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருக. அதன் பின்னர் இரண்டாவது பிள்ளையைத் தெரிவு செய்யலாம்.